ரத்தம் பார்க்கலாம், முத்தம் கூடாதா?

2025 ஆகஸ்ட் 14 அன்று ‘கூலி’ வெளியானது. தணிக்கை வாரியம் கொடுத்தது ‘ஏ’ சான்றிதழ். ரஜினி படம் என்றால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது தமிழ்நாட்டின் எழுதப்படாத வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வழக்கத்துக்குக் குறுக்கே எந்தச் சான்றிதழும் நின்றதில்லை. இந்த முறை நின்றது. தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘கேஜிஎஃப்’, ‘பீஸ்ட்’ போன்ற படங்களுக்கு யு/ஏ கொடுத்துவிட்டு எங்களுக்கு மட்டும் ஏன் ஏ என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அந்த வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘எங்கள் படத்தில் குழந்தைகள் பார்க்கக் கூடாதது எதுவும் இல்லை’ என்பதைவிட, ‘மற்றவர்கள் காட்டியதைத்தானே நாங்களும் காட்டினோம்’ என்பதுதான் அதில் ஓங்கி ஒலித்தது. தமிழ் வெகுஜன சினிமாவின் கடந்த சில ஆண்டுகளைக் கவனித்தவர்களுக்கு அந்த ஒப்பீட்டில் நியாயம் இருப்பதுகூடத் தெரியும். தலை வெட்டப்பட்டு உருண்ட படங்களுக்குப் பெற்றோரின் துணையோடு எட்டு வயதுப் பிள்ளைகள் போய் வந்திருக்கிறார்கள். விசில் அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இயக்குநர், தயாரிப்பாளர், வாரியம், நீதிமன்றம், ரசிகர் மன்றம் என்று எல்லோரும் இந்தப் பிள்ளைகளின் பெயரால் பேசுகிறார்கள். இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை என்ன பார்க்கிறது, எதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்ற கேள்வி மட்டும் யாருடைய மனுவிலும் இருப்பதில்லை.

கங்கா சந்திரமுகி ஆனபோது

2005இல் ஐந்தாறு வயதில் இருந்தவர்கள் இன்று கல்லூரியை முடித்து வேலைக்குப் போகிறார்கள். சிறு வயதில் சினிமா பார்த்து எதற்குப் பயந்தீர்கள் என்று அவர்களில் பத்துப் பேரைக் கேட்டால், அதில் பாதிப் பேராவது ‘சந்திரமுகி’ என்பார்கள். படத்தில் ரத்தம் சொற்பம். அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது ஜோதிகாவின் முகம். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கங்காவின் கண்கள் அகன்று, குரல் மாறி, வேறொருத்தியாக எழுந்து நின்றது. படத்தின் இறுதியில் மனநல மருத்துவர் வேடத்தில் வரும் ரஜினி எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறார். பெரியவர்களுக்கு அதோடு பயம் தீர்ந்தது. ஐந்து வயதுக்கு விளக்கம் உதவவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் பல ஆண்டுகள் இதே விஷயத்தில் ஆய்வு செய்தவர். 1970களின் இறுதியில் அங்கே தொலைக்காட்சியில் ஓடிய ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரை வைத்து அவரும் சக ஆய்வாளரும் குழந்தைகளின் எதிர்வினைகளைக் கவனித்தார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் அதிகம் பயந்தது, சாதுவான மனிதன் பச்சை நிற அசுரனாக மாறும் காட்சியில். ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற வருபவன் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கோ அந்த மாற்றம் ஆறுதல். அவர்கள் பயந்தது அதற்கு முந்தைய ஆபத்துக் காட்சிகளில். சின்னக் குழந்தை தோற்றத்தைப் பார்க்கிறது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளை, ‘இது நிஜத்தில் நடக்குமா, எனக்கு நடக்குமா’ என்று பார்க்கிறது. பதின்பருவம் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளுக்கும் பயப்படத் தொடங்குகிறது. 1983இல் அணுகுண்டுப் போரைச் சித்தரித்து ‘தி டே ஆஃப்டர்’ என்ற தொலைக்காட்சிப் படம் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது சின்னப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாகக் கலங்கினார்கள். பதின்பருவத்தினர் அவர்களைவிட அதிகம் கலங்கினார்கள். பெற்றோர்கள் அதைவிட அதிகம்.

ஆகவே ‘இது வெறும் சினிமாதான்டா கண்ணா’ என்ற நம்முடைய வழக்கமான சமாதானம் பத்து வயதுக்கு வேலை செய்யும். நான்கு வயதுக்கு மடியும் கைப்பிடியும்தான் வேலை செய்யும். பேய் நகைச்சுவைப் படங்களுக்குக் கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இங்கிலாந்தில் டேவிட் பக்கிங்ஹாம் என்ற கல்வியாளர் வேறொரு வழியில் போனார். பிள்ளைகளையே உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டார். 1996இல் வந்த அவருடைய நூல் அந்த உரையாடல்களால் ஆனது. திகில் படங்களைக் கையாளப் பிள்ளைகள் தங்களுக்கென்று உத்திகள் வைத்திருந்தார்கள். தலையணைக்குப் பின்னால் ஒளிவது, எழுந்து போய்விட்டுத் திரும்பி வருவது, ‘இது ரத்தமில்லை, சாஸ்’ என்று சொல்லிக்கொள்வது. அவர்களை அதிகம் உலுக்கியது செய்திகளும் உண்மைக் குற்றங்களைச் சொல்லும் நிகழ்ச்சிகளும்தான். அங்கே ‘இது பொய்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொன்றும் வெளிப்பட்டது. சினிமா உன்னைக் கெடுக்குமா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆம் என்று சொல்லவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளைத்தான் அது கெடுக்கும் என்றார்கள். பெரியவர்களாகிய நாமும் அதையேதான் சொல்கிறோம். நமக்குக் கீழே இருப்பவர்களைக் காட்டி.

நம் ஊரில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கயிறு எங்கே கட்டுவார்கள், டூப் யார், எது கிராபிக்ஸ், நாயகனின் வயதை எப்படிக் குறைத்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். படம் எடுக்கும் விதத்தைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. ரத்தம் போலி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ரத்தம் போலி என்று தெரிந்த பிள்ளைக்குக் கதையில் வரும் நியாயமும் போலியாக இருக்கலாம் என்று தெரியுமா? எனக்கு இதுதான் கவலை.

குடும்பத்துக்காகக் கொல்பவர்

‘விக்ரம்’ 2022 ஜூனில் வந்தது. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட். ‘லியோ’ அதே ஆண்டு அக்டோபர். மூன்றும் யு/ஏ சான்றிதழ் பெற்றவை, மூன்றும் வசூலில் பெரிய வெற்றி கண்டவை. கமல்ஹாசன் நடித்த பாத்திரம், கொல்லப்பட்ட மகனுக்காகவும் கைக்குழந்தையான பேரனுக்காகவும் ஆயுதம் எடுக்கிறது. ரஜினியின் முத்துவேல் பாண்டியன் ஓய்வுபெற்ற ஜெயிலர். பேரனின் யூடியூப் சேனலுக்கு வீடியோ எடுக்க உதவிக்கொண்டு, வீட்டில் அடங்கி வாழும் தாத்தா. மகன் காணாமல் போனதும் அவருடைய இன்னொரு முகம் வெளியே வருகிறது. விஜய்யின் பார்த்திபன் மலையூரில் காபிக் கடை நடத்தும் அப்பா. கடைக்குள் கொலைகாரர்கள் நுழைந்தபோதுதான் துப்பாக்கியைத் தொடுகிறார்.

மூன்று பேரும் வீட்டு மனிதர்கள். மூன்று பேருக்கும் கொல்வதற்கான உரிமத்தைக் கொடுப்பது குடும்பம். இந்தப் படங்களைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று நாம் நினைத்ததற்கும் இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். நாயகன் பணத்துக்காகவோ வெறிக்காகவோ கழுத்தை அறுத்திருந்தால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்போம். பேரனுக்காக அறுக்கும்போது அது பாசக் கதையாகிவிடுகிறது. பிள்ளையின் கண்ணை மூட வேண்டிய தருணத்தில் நம் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

‘லியோ’வின் மூலம், டேவிட் குரோனென்பெர்க் இயக்கத்தில் 2005இல் வந்த ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’. அமெரிக்காவில் அதற்கு ஆர் சான்றிதழ். அதிலும் நாயகன் கடை நடத்தும் அப்பாதான், அதிலும் குடும்பத்தைக் காக்கத்தான் கொல்கிறான். ஆனால் வன்முறை வீட்டுக்குள் நுழைந்த பிறகு அந்த வீடு பழைய வீடாக இருப்பதில்லை. மகன் பள்ளியில் ஒருவனை அடித்துத் துவைக்கிறான். மனைவி கணவனைப் பார்த்துப் பயப்படுகிறாள். கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி யாரும் பேசுவதில்லை. ‘லியோ’விலும் பார்த்திபன் மனைவி முன்னால் உடைந்து அழுகிறார், விஜய் நன்றாகவே நடித்திருக்கிறார். அந்த அழுகை, தன்னை யாரும் நம்பவில்லையே என்ற ஆற்றாமையிலிருந்து வருகிறது. செத்தவர்கள் அதில் இல்லை. ஒரே கதை, ஆனால் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்வது ஒன்றாக இருக்க முடியாது.

நியாயப்படுத்தப்பட்ட வன்முறைக்குப் பெற்றோர்கள் எப்படி இளகிவிடுகிறார்கள் என்பதை டேனியல் ரோமர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வில், பிள்ளைகள் உள்ள ஆயிரம் பெற்றோருக்கு வன்முறைக் காட்சிகளும் பாலியல் காட்சிகளும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டன. ஒவ்வொரு காட்சிக்கும், ‘இந்தப் படத்தை எந்த வயதில் பார்க்கலாம்’ என்று கேட்டார்கள். முதல் காட்சியில் ஏறக்குறைய 17 வயது என்றவர்கள், கடைசிக் காட்சி வருவதற்குள் 14க்கு இறங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் ஓடியது சில நிமிடங்கள் மட்டுமே. 2018இல் இன்னொரு ஆய்வு. அன்புக்குரியவர்களைக் காப்பாற்றச் சுடும் காட்சி என்றால் 15 வயதுக்கே பார்க்கலாம் என்றார்கள். காரணமில்லாமல் சுட்டால் 16 ஆக வேண்டும் என்றார்கள். துப்பாக்கி ஒன்றுதான், பிணமும் ஒன்றுதான்.

பிள்ளை மரத்துப்போகிறதா என்று கவலைப்படுகிறோம். அதற்கு முன்பே நாம் மரத்துப்போயிருக்கிறோம். வாரியத்தில் உட்கார்ந்து வாரத்துக்கு வாரம் படம் பார்ப்பவர்களும் மனிதர்கள்தான். அவர்களுக்கு மட்டும் இது நடக்காது என்று எண்ண இடமில்லை. அமெரிக்காவில் பிஜி-13 என்ற பிரிவு 1984இல் உருவானது. ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’, ‘கிரெம்லின்ஸ்’ படங்களில் பிள்ளைகள் மிரண்டுபோனார்கள் என்று எழுந்த எதிர்ப்பில் பிறந்தது அது. பிள்ளைகளைக் காக்க வந்த அந்தப் பிரிவில், 1985க்கும் 2012க்கும் இடையே துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கும் மேல் பெருகியது என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1983இல் வந்த நம்முடைய யு/ஏவின் கதையும் வேறு மாதிரி இல்லை.

பணம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுசான்றிதழ் வாங்க வேண்டும். குடும்பங்கள் வராவிட்டால் ஞாயிறு மாலைக் காட்சி காலியாகும். தமிழ்நாட்டில் 2011 முதல் ஜிஎஸ்டி வரும் வரை கேளிக்கை வரிவிலக்குக்கு யு சான்றிதழ் ஒரு நிபந்தனையாக இருந்தது. அந்த ஆண்டுகளில் யு வாங்கவும், பிறகு யு/ஏ வாங்கவும் நடந்த பேரங்களில், கத்தி எத்தனை நொடி தெரிகிறது என்பது எண்ணப்பட்டது. கத்தி பிடித்தவனை நாம் வணங்குகிறோமா என்பதை எண்ண யாரிடமும் அளவுகோல் இல்லை.

ரிமோட்டைத் தேடும் கை

வீட்டு ஹாலில் டிவி ஓடுகிறது. நாயகன் ஏழு பேரை வெட்டுகிறான். அப்பா முறுக்கு தின்கிறார், அம்மா கீரை ஆய்கிறாள். அடுத்த காட்சியில் நாயகனும் நாயகியும் நெருங்குகிறார்கள். உடனே யாரோ ரிமோட்டைத் தேடுகிறார்கள், யாரோ பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இது புதிதில்லை. பிள்ளை தண்ணீர் கொண்டுவரப் போகிறது. போகும்போதே ஒன்றைத் தெரிந்துகொள்கிறது: வெட்டியதைப் பார்க்கலாம், தொட்டதைப் பார்க்கக் கூடாது. எதற்கு வீட்டில் எல்லோரும் சங்கடப்படுகிறார்களோ அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது.

எது பெரியவர்களுக்கான விஷயம் என்பதை நாம் நம்முடைய கூச்சத்தை வைத்து முடிவு செய்கிறோம். பிள்ளையின் வயதோ புரிதலோ அந்த முடிவில் அநேகமாக இல்லை.

2025 ஜனவரியில் ‘பேட் கேர்ள்’ படத்தின் டீசர் வந்தபோது எழுந்த கொந்தளிப்பை நினைத்துப் பாருங்கள். வர்ஷா பரத் இயக்கிய படம். பள்ளி வயதில் தொடங்கி ஒரு பெண்ணின் ஆசைகளும் குழப்பங்களும்தான் கதை. ரோட்டர்டாம் விழாவில் விருது பெற்றது. இங்கே அந்த டீசர் நீதிமன்றம் வரை போனது. செப்டம்பரில் படம் யு/ஏ 16+ சான்றிதழோடு வெளியானது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஆசை வரும் என்று சொன்ன இரண்டு நிமிடத் துணுக்குக்குக் கிடைத்த கோபத்தில் பத்தில் ஒரு பங்குகூட, தலை துண்டாகும் காட்சிக்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

இதைவிட ஆழமான சேதம் வேறோரிடத்தில் நடந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பேருந்து நிறுத்தம், கல்லூரி வாசல், வீட்டுத் தெரு என்று பின்தொடர்ந்து, கடைசியில் அவளைச் சம்மதிக்கவைக்கும் நாயகர்களை எத்தனை பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறோம்! அவற்றில் எத்தனையோ படங்கள் யு சான்றிதழோடு வந்தவை. ரத்தம் இல்லை, முத்தம் இல்லை, பாட்டு உண்டு. ஆகவே எல்லோரும் பார்க்கலாம். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோதுதான், இந்தக் கதைகளைப் பற்றித் தமிழ்ச் சமூகம் உரக்கப் பேசியது. வகுப்பறையில் பெண் பிள்ளைகளிடம் இதைப் பேசிய ஆசிரியர்களுக்குத் தெரியும்: ஒரே பாடல் காட்சியைப் பார்த்து மகன் சிரிக்கும்போது, மகள் தான் நடந்துபோகும் தெருவை நினைத்துக்கொள்கிறாள். ஒரே வயதுதான் இருவருக்கும். 13+ என்ற எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

எந்தப் பிள்ளை பார்க்கிறது?

2023 ஜூனில் ‘மாமன்னன்’ படத்தின் இசை வெளியீட்டு விழாவில் இயக்குநர் மாரி செல்வராஜ், கமல்ஹாசன் மேடையில் இருக்க, ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியைப் பேசினார். 1992 தீபாவளிக்கு வந்த படம் அது. தேசிய விருதுகள் வாங்கியது. வன்முறை வேண்டாம், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று அதன் நாயகன் முடிவில் சொல்கிறான். பெரும்பாலான வீடுகளில் அது போற்றப்படும் படம். தென்மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் ஒடுக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு அதே படம் வேறு படமாக இருந்தது. அதன் பாடல் அவர் ஊர்த் தெருவில் எப்படி ஒலித்தது, யார் காதில் விழுவதற்காக ஒலித்தது என்பதெல்லாம் சேர்ந்த அனுபவம் அது. மாரி பேசியபோது அவரைக் கடிந்துகொண்டவர்கள் நிறைய. எனக்கு அந்தப் பேச்சு, ஒரு படம் சிறு பிராயத்தில் ஒருவருக்குள் எப்படித் தங்குகிறது என்பதற்குத் தமிழில் கிடைத்த மிக நேர்மையான சாட்சியம்.

சாதிப் பெருமிதத்துக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. மீசையை முறுக்குவதற்கும் அரிவாளைத் தீட்டுவதற்கும் ஏ இல்லை. ரத்தம் சிந்தாதவரை அது யு.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்குப் போய்விடக் கூடாது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். மறுநாள்தான் ‘ஜெயிலர்’ வெளியானது. அந்த வாரம் முழுக்க ‘சினிமா பிள்ளைகளைக் கெடுக்கிறது’ என்ற பேச்சு ஓடியது. நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளையும் பள்ளிகளின் சாதிப் பெயர்களையும் நீக்கச் சொன்னது அது. அரிவாளைப் பிள்ளையின் கையில் கொடுத்தது ஊர். சினிமாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் ஊர் தப்பித்துவிடும். சினிமா செய்தது, அரிவாள் பிடித்த கைக்கு ஓர் அழகைக் கொடுத்தது. அதற்கு மட்டும் அது பதில் சொல்லட்டும்.

படம் பார்த்ததும் பிள்ளை அப்படியே செய்துவிடும் என்பது ஆய்வுகளிலும் அவ்வளவு எளிதாக நிறுவப்பட்டதில்லை. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் ஆயுதம் இருந்தால் நிலைமை மாறுகிறது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் படத் துண்டுகள் காட்டப்பட்டன. சிலர் பார்த்ததில் துப்பாக்கி இருந்தது, மற்றவர்கள் பார்த்ததில் அது நீக்கப்பட்டிருந்தது. பிறகு பொம்மைகள் நிறைந்த அறைக்குள் விட்டார்கள். அங்கே இழுப்பறையில் செயலிழக்கச் செய்யப்பட்ட நிஜத் துப்பாக்கி ஒன்று இருந்தது. துப்பாக்கிக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அதை அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள், அதிக முறை விசையை இழுத்தார்கள்.

புகை விஷயத்தில் ஆதாரம் இன்னும் உறுதி. திரையில் புகைக்கும் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண உறவு உண்டு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொன்னது. 2002இல் ‘பாபா’வுக்கு எதிராக பாமக நடத்திய போராட்டத்தின் முறையை ஏற்காதவர்கள்கூட, அன்று அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். திரையின் மூலையில் ஓடும் எச்சரிக்கை வரியைப் பிள்ளைகள் படிப்பதில்லை. புகையை விடும் ஒயிலைப் பார்க்கிறார்கள்.

வாசலில் நின்ற குடும்பம்

2023 மார்ச் 30. சென்னையின் பேர்பெற்ற ஒரு திரையரங்கில் ‘பத்து தல’ முதல் நாள். டிக்கெட் வாங்கி வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். காணொளி பரவிப் பெரும் கண்டனம் எழுந்தது. படம் யு/ஏ, அந்தக் குடும்பத்தில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், சட்டப்படி விட முடியாது என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. யு/ஏ சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதான் யு/ஏ. பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வந்திருந்தார்கள். அந்த நகரத்தில் எத்தனை ஆண்டுகளாக எத்தனை யு/ஏ படங்களுக்கு எத்தனை ஆயிரம் பிள்ளைகள் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போனார்கள்! அந்த ஒரு குடும்பத்தைப் பார்த்ததும் விதி நினைவுக்கு வந்தது.

மறுநாள் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் ஏ சான்றிதழோடு வெளியானது. காவல் நிலையத்தில் மலைக் கிராமத்துப் பெண்கள் மீது நடக்கும் சித்திரவதை, வாச்சாத்தி கிராமத்து மக்கள் மீது நிஜத்தில் நடந்த கொடுமையை அறிந்தவர்களை உறையவைத்தது. சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் குழந்தைகளோடு வந்தவர்களை வெளியேறச் சொன்னதில் வாக்குவாதம் மூண்டு காவல்துறை வந்தது. அந்தப் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்பதே என் கருத்தும், ஏ சரிதான். என்னை உறுத்துவது வேறு. வலி வலியாகத் தெரியும் படத்துக்கு ஏ கிடைக்கிறது. வலி தெரியாமல் இசையோடு நடக்கும் கொலைகளுக்கு யு/ஏ கிடைக்கிறது. ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு வன்முறை என்றால் என்னவென்று உண்மையில் சொல்லக்கூடியது முதல் வகைப் படம். அது அவனுக்கு மூடப்பட்டிருக்கிறது. இரண்டாவதன் கதவு ஏழு வயதிலேயே திறந்துவிடுகிறது.

2023இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. யு/ஏ இப்போது மூன்று படிகளாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. ஓடிடி தளங்களுக்கு 2021லேயே வந்த பிரிவினைதான் இது. நல்ல மாற்றம், தாமதமான மாற்றம். ஆனால் 16+ என்பது தடையல்ல, பெற்றோருக்கான குறிப்பு. வாசலில் நிற்கும் ஊழியர் ஆறு வயதுப் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. ஏ படமும் சில வாரங்களில் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அதற்கு முன்பே அதன் துண்டுகள் ரீல்ஸாக வந்துவிடுகின்றன. முழுப் படத்தில் ஒரு கொலைக்கு முன்னும் பின்னும் ஏதாவது இருக்கும். ஒரு காரணம், ஓர் இழவு வீடு, ஒரு தண்டனை. பதினைந்து நொடித் துண்டில் வெட்டும் பின்னணி இசையும்தான் இருக்கும். இன்றைய பிள்ளைகள் பல ‘ஏ’ படங்களை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். படத்தைப் பார்க்காமலே. எச்சரிக்கை முத்திரையைக் கண்டால் ஆர்வம் கூடத்தான் செய்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் பிராட் புஷ்மன் 1990களிலேயே காட்டியிருக்கிறார். பதின்பருவ நண்பர் கூட்டத்தில் ‘நான் பார்த்துவிட்டேன்’ என்பது ஒரு பதக்கம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இங்கிலாந்தின் தணிக்கை அமைப்பு ஒவ்வொரு படத்துக்கும் வயதுக் குறியோடு சில வரிகள் எழுதி வெளியிடுகிறது: என்ன வகை வன்முறை, காயம் எவ்வளவு தெரிகிறது, மிரட்டல் எப்படிப்பட்டது, பாலியல் பேச்சு உண்டா, பாகுபாடு உண்டா. 2024இல் விதிகளைப் புதுப்பிக்கும் முன் ஏறக்குறைய 12,000 பேரிடம் கருத்துக் கேட்டது. நம் வாரியத்துக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, தமிழ் தெரிந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ‘யு/ஏ 16+’ என்ற எழுத்துகளுக்குக் கீழே, ‘கழுத்தறுக்கும் காட்சிகள் உண்டு, பெண்ணைப் பின்தொடர்வது காதலாகக் காட்டப்படுகிறது, சாதிப் பெருமிதப் பாடல் உண்டு’ என்று தமிழில் மூன்று வரி எழுத அவர்களால் முடியும். டிக்கெட் பதிவு செய்யும் செயலியில், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வரிகள் கண்ணில் படும்படி வைக்கவும் முடியும். எட்டாம் வகுப்புத் தமிழ் வகுப்பில் ஒரு பீரியடை ஒதுக்கி, போன வாரம் பார்த்த படத்தில் செத்துப்போன அடியாளின் வீட்டில் அன்று இரவு என்ன நடந்திருக்கும் என்று எழுதச் சொல்ல, எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.